காரத்துக்குக் கசப்பு கூட்டாளி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், கடையிலேயே பியர் காய்ச்சி ஊற்றும் பெங்களூரு மைக்ரோபுருவரிகளையும் அங்கே கிடைக்கும் ஊர்ச் சாப்பாட்டையும் பற்றி, ‘சுகமோ துக்கமோ ஒரு கிளாஸ்’ என்ற தலைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் அதில் மூன்று இடங்கள் தவறு. காரசாரமான உணவுக்குக் கசப்பான ஐ.பி.ஏ. வகை பியர் பொருத்தம் என்கிறது கட்டுரை. கிளாஸ் பனி படரக் குளிர்ந்திருக்க வேண்டும் என்கிறது. பெல்ஜியம் பாணி கோதுமை பியரில் கொத்தமல்லித் தழை போடுவார்கள் என்கிறது. பியர் காய்ச்சும் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். இதை நம்பி ஒருவர் 300, 400 ரூபாய் கொடுத்து, வாய் எரிந்து, ‘கிராஃப்ட் பியர் என்றால் இவ்வளவுதானா’ என்று எழுந்து போய்விடக் கூடாதே என்றுதான் எழுதுகிறோம்.

முதலில் காரம். மிளகாய்க் காரம் உண்மையில் ஒரு சுவை அல்ல, பொய்யான சூடு. சூட்டை உணரும் நரம்பு முனைகளை மிளகாயில் உள்ள காப்சைசின் தட்டிவிடுகிறது. மிளகில் இருக்கும் பைப்பரினும் அதே முனைகளைத்தான் தட்டுகிறது. சாதாரணமாக 42, 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால்தான் இந்த முனைகள் ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். வாயின் உள்சூடே 36, 37 டிகிரி. அதாவது, ஆல்கஹால் கூடக்கூட உங்கள் வாயே உங்களைச் சுட ஆரம்பிக்கும். போதாததற்கு, பியரில் கரைந்திருக்கும் வாயு நாக்கில் அமிலமாக மாறி வேறு குத்தும். காரம் தின்றுவிட்டு சோடா குடித்தவர்களுக்கு இது தெரியும்.

ஐ.பி.ஏ. என்பது என்ன? 6, 7 சதவீதம் ஆல்கஹால், ஐ.பி.யு. என்ற கசப்பு அளவில் 40 முதல் 70 வரை. கோதுமை பியரில் இந்த அளவு 10 முதல் 15தான். பியரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு விழுங்கிய பிறகும் நாக்கின் அடியில் நிற்கிற கசப்பு. காரமும் நிற்கிறது, கசப்பும் நிற்கிறது, ஆல்கஹால் இரண்டையும் விசிறிவிடுகிறது. மிளகு சுக்காவுக்கு ஐ.பி.ஏ. வாங்கினால் நாலாவது வாயில் கறியின் ருசியும் தெரியாது, பியரின் மணமும் தெரியாது. கடைக்காரருக்கு மட்டும் லாபம்: எரிச்சல் தணிய இன்னொரு கிளாஸ் கேட்பீர்கள். மேசையில் உட்கார்ந்ததுமே காரம் தூவிய காங்கிரஸ் கடலை கேட்காமலே வருவதன் சூட்சுமமும் இதுதான்.

பாகற்காய்க் குழம்பில் நம் வீடுகளில் ஏன் வெல்லம் போடுகிறோம்? கசப்பை இனிப்பு அடக்கும், காரத்தையும் அடக்கும். பியரிலும் அதே கணக்குத்தான். காரச் சாப்பாட்டுக்கு வேண்டியது ஆல்கஹால் 5 சதவீதத்துக்குள், கசப்பு 15க்குள், முளைகட்டிய தானியத்தின் இனிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும் பியர். கடைப் பலகையில் ஹெஃபவைசன் (ஜெர்மன் பாணி கோதுமை பியர்), விட்பியர் (பெல்ஜியம் பாணி கோதுமை பியர்) என்று எழுதியிருக்கும் இரண்டும் இந்த வகை. ஹெஃபவைசனில் பாதிக்குமேல் கோதுமை. அதில் வரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஈஸ்ட் தானே உண்டாக்குபவை. ‘பனானா ஃப்ளேவர் சார்’ என்று பரிமாறுகிறவர் சொன்னால் யாரும் பழம் பிசைந்து போட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

விட்பியரில் மட்டும் வெளிப்பொருள் உண்டு: உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும். தழை அல்ல, விதை. நாம் தனியா என்கிறோமே, அது. 20 லிட்டருக்கு 15, 20 கிராம் போதும். ஒன்றிரண்டாக நசுக்கி, கொதி முடிய 5 நிமிடம் இருக்கும்போது போட வேண்டும். முன்னாலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். மாவாக அரைத்துப் போட்டால் சாம்பார்ப் பொடி வாசம் வரும். இன்னொன்றையும் சொல்லலாம். உலகச் சந்தையில் கிடைக்கும் தனியாவில் உருண்டை, நீள்வட்டம் என்று இரண்டு உண்டு. எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கும் நீள்வட்ட விதை இந்தியாவுடையது. வெளிநாட்டு பியர்க்காரர்களும் விட்பியருக்கு அதைத் தேடி வாங்குகிறார்கள். தழையைப் போட்டிருந்தால் பச்சைச் சட்னி நாற்றம்தான் மிஞ்சியிருக்கும்.

இனி சைடிஷ். கட்டுரையில் உணவுகளின் பெயர்கள் இருந்தன, எதற்கு எது என்று இல்லை. பொரித்த நெத்திலிக்கு விட்பியரை விடப் பொருத்தமானதை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் வறுவலின் காரத்தைக் குறைக்க வேண்டும். அரைக் கிலோ நெத்திலிக்கு வீட்டில் 3 டீஸ்பூன் மிளகாய்த்தூள் போடுகிறவர்கள் காஷ்மீரி அல்லது பேடகி மிளகாய்த்தூளாக ஒன்றரை டீஸ்பூனோடு நிறுத்தலாம். நிறம் வரும், எரிச்சல் வராது. தனியாத்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள் கால், உப்பு ஒன்று, அரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், அரை எலுமிச்சைச் சாறு. மீனைக் கழுவியபின் தண்ணீரைச் சொட்ட வடித்துத் துணியில் ஒற்றிவிட வேண்டும். மீனில் ஈரம் இருந்தால் மாவு கஞ்சியாகி எண்ணெயில் உதிரும். பிசிறி 15 நிமிடம் ஊறினால் போதும். ஒரு மணி நேரம் விட்டால் எலுமிச்சைப் புளிப்பில் சதை குழைந்துவிடும். எண்ணெய் 175, 180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு கறிவேப்பிலை போட்டுப் பாருங்கள். உடனே சடசடத்துக் கருகாமல் மேலே வந்தால் அதுதான் பதம். கைப்பிடி கைப்பிடியாக 3, 4 நிமிடம். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் குளிர்ந்து மீன் எண்ணெயைக் குடிக்கும். மீன் குடித்த எண்ணெய் உதட்டுக்கு வரும், உதட்டிலிருந்து பியர் நுரைக்குப் போகும். அதைப் பிறகு சொல்கிறோம்.

தொன்னை பிரியாணியில் புதினாவும் பச்சை மிளகாயும் முன்னே நிற்கும். அதற்கும் விட்பியர் சரி, கோல்ஷ் என்ற மென்மையான ஜெர்மன் பியர் கிடைத்தால் அதுவும் சரி. குந்தாப்புரா நெய் ரோஸ்ட் பார்வைக்குச் செக்கச் சிவந்து மிரட்டும். பேடகி மிளகாய் என்பதால் உள்ளே காரம் அவ்வளவு இல்லை. நெய் வேறு காப்சைசினைக் கரைத்துத் தணித்துவிடும். அதற்குச் செம்பழுப்பு நிற ஆம்பர் ஏல் அல்லது டுங்கல் பியர். மசாலா நெய்யில் வறுபட்ட மணமும், வறுத்த மால்ட்டில் (முளைகட்டிய தானியத்தில்) வரும் ரொட்டி மேலோட்டு மணமும் ஒரே வகை வேதிமாற்றத்தில் பிறந்தவை, அதனால் ஒட்டிக்கொள்ளும். குடகுப் பன்றிக்கறியில் வறுத்த மசாலாவும் கச்சம்புளி என்ற குடகுப் புளிச்சாறும் சேர்ந்து கருத்திருக்கும். அதற்குக் கறுப்பு பியரான ஸ்டௌட் என்பார்கள்; பாதி சரி. கருக வறுத்த பார்லியில் காய்ச்சிய ஸ்டௌட்டுக்கே புளிப்பும் காப்பிக் கசப்பும் உண்டு, கச்சம்புளியோடு சேர்ந்தால் தொண்டை பிடிக்கும். ஓட்ஸ் போட்ட ஸ்டௌட்டாகக் கேளுங்கள், வழவழப்பாக இறங்கும்.

ஐ.பி.ஏ.யை ஒதுக்கச் சொல்லவில்லை. உப்பு கசப்பை அமுக்கும் என்பது பாகற்காயை உப்பில் பிசிறி வைக்கிற எல்லோருக்கும் தெரியும். எனவே உப்பும் எண்ணெயும் இருந்து காரம் இல்லாத எதுவும் ஐ.பி.ஏ.க்கு ஆகும். மெதுவடை, வாழைக்காய் பஜ்ஜி, நெய்யில் வறுத்த முந்திரி. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி வேண்டாம்.

சிலவற்றுக்குப் பியரே வேண்டாம். ராகி முத்தேயும் மட்டன் சாறும் அப்படி. மென்னாமல் விழுங்கும் களி வயிற்றில் கல்போல் உட்காரும்போது மேலே வாயுவை ஊற்றினால் ராத்திரி முழுக்க ஏப்பம்தான். மோர் குடியுங்கள். புளிக்குழம்பும் ரசமும் பாட்டிலில் வரும் சாதாரண வெளிர் லாகர் பியரைத் தண்ணீர்போல் ஆக்கிவிடும். எங்காவது கோஸா என்ற ஜெர்மன் புளிப்பு பியர் கிடைத்தால் மீன் புளிக்குழம்போடு முயன்று பார்க்கலாம். கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து லைப்சிக் நகரத்தில் பேர் வாங்கியது அது. புளிப்பு, உப்பு, தனியா மூன்றும் அதில் உண்டு. கிட்டத்தட்ட அவர்களுடைய நீர்மோர்.

அடுத்து, பனி படர்ந்த கிளாஸ். ஃப்ரீசரில் வைத்த மக் படத்துக்கு அழகு. அதில் பியர் ஊற்றினால் சுவரில் ஒட்டிய பனிப்பொடியில் வாயு பொங்கிப் பாதிக் கிளாஸ் நுரையாகும். பனி உருகி மீதியை நீர்க்க வைக்கும். ஃப்ரீசரில் கூட இருந்த மீனின் வாசம் இலவசம். நாக்கு மரத்துப்போனால் மணமும் எழும்பாது. மலிவு லாகரை உறையவைத்துக் கொடுப்பதே ருசி தெரியாமல் இருக்கத்தான். கோதுமை பியர் 5 முதல் 7 டிகிரி, ஐ.பி.ஏ. 7 முதல் 10, ஸ்டௌட் 8 முதல் 12. தெர்மாமீட்டர் யாரும் கொண்டுபோகப் போவதில்லை. ஸ்டௌட் வந்ததும் 10 நிமிடம் தொடாமல் வைத்து ஒரு வாய் குடியுங்கள், முதல் வாய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியும்.

கிளாஸ் குளிர்ந்திருப்பதைவிடச் சுத்தமாக இருப்பது முக்கியம். பியர் நுரைக்கு எண்ணெயும் சோப்பும் எமன். பிரியாணித் தட்டு கழுவிய அதே தொட்டியில் கழுவி, துணியால் துடைத்த கிளாஸில் நுரை ஒரு நிமிடம் நிற்காது. கிளாஸின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குமிழி தெரிந்தால் அது வாயு நிறைய இருப்பதன் அடையாளம் அல்ல, அழுக்கு ஒட்டியிருக்கும் இடம். காலிக் கிளாஸை நனைத்து உட்புறம் உப்புத் தூவிப் பாருங்கள். சுத்தமான கிளாஸில் உப்பு எங்கும் ஒரே சீராக ஒட்டும், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் வழுக்கி விழும். கழுவியபின் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கம்பித் தட்டில் கவிழ்த்துக் காற்றில் காயவைப்பதுதான் முறை. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். வலக்கையால் தின்று இடக்கையால் கிளாஸைப் பிடித்து, குடிக்குமுன் உதட்டைத் துடைத்துக்கொண்டால் நுரை கடைசி வரை கோலம்போல் கிளாஸில் வளையம் வளையமாக இறங்கும்.

கெட்ட பியரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியவில்லை. காப்பி புளித்திருந்தால் ஓட்டலில் சத்தம் போடுகிறவர்கள், 400 ரூபாய் பியரில் வெண்ணெய் நாற்றம் வந்தால் ‘இதுதான் கிராஃப்ட் போல’ என்று குடித்துவிட்டுப் போகிறார்கள். வெண்ணெய் நாற்றத்துக்குக் காரணம், பியர் புளிக்கும்போது உண்டாகும் டயசிட்டைல் என்ற பொருள். லாகர் புளித்து முடியும் தறுவாயில் தொட்டியின் சூட்டை 15 டிகிரிக்கு மேல் ஏற்றி இரண்டு நாள் ஈஸ்ட்டோடு விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். அவசரத்தில் அதற்கு முன்பே குளிர்வித்தால் தங்கிவிடும். குழாயில் பாக்டீரியா படிந்தாலும் இதே நாற்றம் வரும், கூடவே புளிப்பும். பியர் வரும் குழாய்களை 14 நாளுக்கு ஒரு முறை காஸ்டிக் கரைசல் ஓட்டிக் கழுவ வேண்டும். கடையில் கேட்டுப் பாருங்கள். தேதி சொல்ல முடியாமல் விழித்தால் விஷயம் விளங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் பியர் முற்றுமுன்னே தொட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேகவைத்த மக்காச்சோள வாசம் என்றால் கொதி போதவில்லை, அல்லது மூடிபோட்டுக் கொதிக்கவிட்டார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் காற்றுப் பட்டுப் பழையதாகிவிட்டது. கோதுமை பியர் கலங்கலாக இருப்பது மட்டும் குற்றமே அல்ல, அது அப்படித்தான் இருக்கும்.

வடிகட்டாத, பாஸ்டரைஸ் செய்யாத பியர் கறந்த பால் மாதிரி. 2020 மே மாதம், ஊரடங்கில் தொட்டிகளில் கிடந்தது வீணாகாமல் இருக்க, மைக்ரோபுருவரிகளிலிருந்து வீட்டுக்கு வாங்கிப்போகக் கர்நாடக அரசு அனுமதித்தபோது பலர் வாங்கி, ‘இரண்டாம் நாளே சப்பென்று ஆகிவிட்டது’ என்று குறைப்பட்டார்கள். ஜாடியில் பாதி காலியாக இருந்தால் ஆகத்தான் செய்யும். கழுத்து வரை நிரப்பி, ஃப்ரிட்ஜில் நிற்க வைத்து, 48 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஒரு முறை திறந்தால் அன்றே முடிக்க வேண்டும். வெயிலில் காருக்குள் விட்டால் மிச்ச ஈஸ்ட் விழித்துக்கொண்டு கண்ணாடி ஜாடியை உடைக்கவும் கூடும்.

கட்டுரை ராகி பியரை ஒரு வரியில் தாண்டிவிட்டது எங்களுக்கு வருத்தம், ஏனென்றால் உள்ளூர் என்று மெய்யாகவே சொல்லத்தக்கது அதுதான். ராகியை முளைகட்டி மால்ட் ஆக்குவது இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கைவந்த கலை. குழந்தைக்குக் கொடுக்கும் ராகி மால்ட் அதுவே. பியருக்கு அதைக் கொண்டுபோகும்போது இரண்டு சிக்கல். ஒன்று, பார்லியின் மாவுச்சத்து 65 டிகிரித் தண்ணீரிலேயே இளகிச் சர்க்கரையாகும். ராகி மாவுக்கு அந்தச் சூடு போதாது. அரிசிபோல் தனியே கஞ்சியாக வேகவைத்து, ஆறவிட்டுப் பிறகு பார்லியோடு சேர்க்க வேண்டும். வேகவைக்காமல் கொட்டினால் மாவு அப்படியே அடியில் தங்கும், பியர் தண்ணியாக வரும். இரண்டு, ராகி கடுகு போன்ற பொடித் தானியம், பார்லியைப்போல் உமி கிடையாது. சர்க்கரைத் தண்ணீரை வடிக்கும்போது உமிதான் சல்லடை. அது இல்லாமல் மொத்தமும் களியாக இறுகி, சொட்டுக்கூட இறங்காது. அதனால்தான் நெல் உமியைக் கழுவிக் கலப்பார்கள். நன்றாக அமைந்த ராகி பியரில் மண்வாசமும் லேசான கொட்டை மணமும் இருக்கும். கோழி வறுவலுக்குப் பிரமாதம்.

கடைசியாக, சுகமும் துக்கமும். கட்டுரையாளர் இரண்டுக்கும் ஒரே கிளாஸை நீட்டுகிறார். எங்களால் முடியாது.

கணக்கு இதுதான். 330 மில்லி, 5 சதவீதக் கோதுமை பியரில் 13 கிராம் ஆல்கஹால். அரை லிட்டர் ஐ.பி.ஏ. 6.5 சதவீதம் என்றால் 26 கிராம் வரும். டாஸ்மாக்கில் கிடைக்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில், 8 சதவீதம் என்றால், 41 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். அந்த ஒரு பாட்டில் உடம்பை விட்டுப் போக 4 முதல் 6 மணி நேரம். எலுமிச்சையோ மோரோ குளிர்ந்த தண்ணீரில் குளியலோ இதை ஒரு நிமிடமும் குறைக்காது. வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சம்பள உயர்வு, கல்யாண நிச்சயம் என்று பத்துப் பேர் கூடும் ‘ட்ரீட்’டில் எல்லோருக்கும் ஒரே ரவுண்டு சொல்லாதீர்கள். ரவுண்டு முறையில் மெதுவாகக் குடிக்கிறவரும் வேகமாகக் குடிக்கிறவரின் ஓட்டத்துக்கு ஓட வேண்டியிருக்கும். முதலில் சாப்பாடு வரட்டும். எண்ணெயும் புரதமும் வயிற்றில் இருந்தால் ஆல்கஹால் ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். பிறகு சின்னக் கிளாஸ்களில் வெளிர் நிறத்திலிருந்து கறுப்பை நோக்கி, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி ருசி பாருங்கள். ஐ.பி.ஏ.யை முதலில் குடித்தால் அப்புறம் வரும் கோதுமை பியர் வெறும் பார்லித் தண்ணீர்.

துக்கம் வேறு. வேலை போனவர், வீட்டில் இழவு கண்டவர், பெரும்பாலும் சாப்பிடாமல் வந்து உட்காருவார். வெறும் வயிற்றில் இரண்டே கிளாஸ் சட்டென்று ஏறும். தூக்கம் வரும், பிறகு மூன்று மணிக்குக் கலையும். ஆல்கஹால் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைக்கும் என்பது தெரிந்த சங்கதி. தூக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறவராக இருந்தால் ஆபத்து. அப்படி வருகிறவர் முன்னால் முதலில் ரசம் சாதம் வையுங்கள், நாங்கள் காய்ச்சிய பியரை அப்புறம் ஒரு நாள் குடிக்கட்டும். நாங்கள் விற்கிறவர்கள், இருந்தும் சொல்கிறோம்.

மைக்ரோபுருவரி நடத்துகிறவர்கள் கண்ணில் இக்கடிதம் பட்டால் ஒரு வேண்டுகோள். சுவரில் ஓவியம் வரையக் கொடுக்கும் காசில் ஒரு கரும்பலகை வாங்கி, ஒவ்வொரு பியருக்கும் நேரே ஆல்கஹால் சதவீதம், கசப்பு அளவு, தொட்டியைத் திறந்த தேதி, குழாய் கழுவிய தேதி நான்கையும் எழுதி வையுங்கள். தங்கள் இணைப்பிலும் அடுத்த முறை பியரின் பெயருக்குப் பக்கத்தில் முதல் இரண்டையாவது போடலாம். கொத்தமல்லித் திருத்தத்தை மட்டும் தயவுசெய்து இந்த ஞாயிறே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பியர் காய்ச்சும் தொழிலில் உள்ள இருவர்,
பெங்களூரு